இன்ஜின் வேலை முடிந்தபின் ஸ்ப்ளெண்டர் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹெட், பிளாக், பிஸ்டன் எல்லாம் கழற்றி, லேத்தில் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), புது ரிங் மாட்டி, நாள் முழுக்க உட்கார்ந்து மறுபடி ஏற்றியாகிவிட்டது. கிக்கரை உதைத்தால் வண்டி எடுக்கவில்லை. அல்லது எடுத்துவிட்டுப் புகை விடுகிறது, உள்ளே எதுவோ தட்டுகிறது, கொஞ்ச தூரம் போனதும் இழுவை இல்லை. இந்த இடத்தில் கை தானாக ஸ்பேனரை எடுத்து ஹெட்டைத்தான் கழற்றப் போகும். அதை மட்டும் உடனே செய்யாதீர்கள். திறந்தால் ஹெட் பேக்கிங் வீண், அதைவிட மோசம், எதனால் தகராறு என்பதற்கான தடயமும் கலைந்துவிடும். வெளியில் இருந்தபடியே கண்டுபிடிக்கக்கூடியது ஏராளம் இருக்கிறது.

நான் இங்கே சொல்வது ஹீரோ ஹோண்டா காலத்து 97.2 சிசி இன்ஜினுக்கு. 1985-இல் சிடி 100-இல் வந்து, 1994-இல் ஸ்ப்ளெண்டருக்குப் போய், அப்புறம் பேஷனுக்கும் போன அதே படுக்கை இன்ஜின். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., இரண்டே வால்வு, ஒரு கேம், காற்றில் ஆறுவது. வீட்டில் முதன்முதலாகப் பிரித்துப் பழக இதைவிட நல்ல இன்ஜின் எனக்குத் தெரியாது. உதிரிப் பாகம் கிடைக்காத ஊரே இல்லை. 2020-இல் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் சம்பந்தப்பட்ட பகுதி பொருந்தாது, மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

எதிலும் ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பியுங்கள்: கழற்றுவதற்கு முன் இந்தத் தகராறு இருந்ததா? இல்லையென்றால், நீங்கள் கை வைத்த இடத்தில்தான் அது இருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த சிடிஐ யூனிட் (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இன்றைக்குப் பார்த்துக் கெட்டுப்போக வாய்ப்பு ரொம்பக் குறைவு, நீங்கள் இழுத்துவிட்டு மாட்ட மறந்த ஒயர் சாக்கெட்டுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்.

கிக்கரில் கனமே இல்லை, கால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது

கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், பத்துக்கு ஏழு தடவை இது டேப்பெட்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி. டேப்பெட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது, காற்று அடைபடாது. வால்வை லேப்பிங் செய்திருந்தால், அதாவது பசை தடவிச் சீட்டில் தேய்த்திருந்தால், வால்வு சீட்டில் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கும், அதனால் பழைய அளவில் இருந்த இடைவெளி தானாகவே குறைந்திருக்கும், இதை யாரும் முதல் தடவை எதிர்பார்ப்பதில்லை.

இடதுபக்க மேக்னட் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் திறந்து, மேக்னட்டை இடதுபக்கமிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, T குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டி என்பதால் T இரண்டு சுற்றில் இரண்டு தடவை வரும். அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது: இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். தப்பான T-இல் வைத்து டேப்பெட் செட் செய்தால், அந்த நேரம் கேம் வால்வைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கும், நீங்கள் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தளர்த்தி ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைப்பீர்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி சத்தம் வரும். பழைய மாடல்களில் குளிர்ந்த இன்ஜினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ., உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், புத்தகத்துக்குள்ளிருந்து தாளை உருவுகிற அளவுக்கு. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை கேஜை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பியிருக்கும்.

டேப்பெட் சரி, இன்னும் கனம் இல்லை என்றால் டைமிங். T நேராக இருக்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள O குறி ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அவசரத்தில் T-க்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் F குறியில் மேக்னட்டை வைத்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. F என்பது ஸ்பார்க் அடிக்கும் இடம், பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம் இருக்கிறது. F-இல் வைத்தால் O சரியாக உட்காராமல் கொஞ்சம் தள்ளி நிற்கும், அதைச் சரிசெய்வதாக நினைத்துச் செயினை ஒரு பல் மாற்றிவிடுவோம். ஒரு பல் என்றால் கிராங்க் கணக்கில் 20 டிகிரிக்கு மேல். வண்டி எடுக்காது, எடுத்தாலும் இழுக்காது. ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை இறுக்கியபின் மேக்னட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி T-யும் O-வும் பார்க்கும் பழக்கம் வையுங்கள், செயினின் தொய்வு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான நிலை தெரியும். சுற்றும்போது எங்காவது கெட்டியாக முட்டினால் அத்தோடு நிறுத்துங்கள், பலம் போட்டால் வால்வு வளைந்துவிடும்.

இரண்டும் சரி என்றால் பிளக் துவாரத்தில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, நாலைந்து உதை உதைத்துப் பாருங்கள். கனம் கூடினால் காற்று ரிங் வழியே போகிறது. கூடவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். இந்த இன்ஜினில் சிலிண்டர் படுத்திருப்பதால் ஆயில் ஒருபக்கமாகத் தேங்கும், அதனால் விட்டதும் கிக்கரை மெதுவாக ஒரு தடவை முழுசாக இறக்கிவிட்டு அப்புறம் உதையுங்கள்.

கனம் இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை

முதலில் ஸ்பார்க். பிளக்கைக் கழற்றி மூடியோடு ஹெட்டில் வைத்து உதையுங்கள். பெட்ரோல் ஆவி வரும் பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி. நீல நிறத்தில் சொடுக்கினால் சரி. இல்லை என்றால் இடதுபக்கக் கவரிலிருந்து வரும் ஒயர்களைப் பாருங்கள்: சாக்கெட் மாட்டியிருக்கிறதா, கவரை மூடும்போது ஒயர் நடுவில் மாட்டி நசுங்கியதா, ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலின் ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா. புல்லர் போட்டு மேக்னட்டைக் கழற்றியிருந்தால், கிராங்கில் இருக்கும் அரைவட்டச் சாவித்துண்டு தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பது முக்கியம். அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வேறு எங்கேயோ இருந்தால் மேக்னட் எந்தக் கோணத்திலும் இறுகிவிடும், ஸ்பார்க் வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும், வண்டி கார்புரேட்டர் வழியாகத் துப்பும்.

பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. புதுப் பிளக் வாங்கினாலும் அளந்துவிட்டுப் போடுங்கள்.

ஸ்பார்க் சரி, பத்து உதைக்குப் பிறகும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து சொட்டுகிறது என்றால் அதிகம் வருகிறது, சோக்கைத் தள்ளிவிட்டு ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து உதைத்துக் காயவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டி பிரித்துக் கிடந்திருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் காய்ந்து, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். அந்த ஜெட்டின் துவாரம் மயிரிழை அளவு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிட்டால் ஐடிலிங் என்றைக்கும் சரியாக வராது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

கிக்கர் இறங்கவே மறுக்கிறது

பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கிப் பாருங்கள். இப்போது எளிதாக இறங்கினால் கவலை இல்லை, புது ரிங், புது போர், கனமாகத்தான் இருக்கும். பிளக் இல்லாமலும் இறங்கவில்லை என்றால் உதைக்காதீர்கள். மேக்னட்டைக் கையால் இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் "டக்" என்று முட்டினால் டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் படுகிறது. சுற்று முழுக்க இறுக்கமாக, பசை மாதிரி இருந்தால் போர் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள் அல்லது ரிங்கின் வாய் இடைவெளி போதவில்லை. அப்படியானால் பிளாக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டுவதற்கு முன்பே பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளப்பதுதான் சரி. மேல் ரிங்குக்குச் சுமார் 0.10 முதல் 0.25 மி.மீ., அரை மில்லிமீட்டரைத் தொட்டால் அந்த ரிங் வேண்டாம். வாய் முட்டிக்கொண்டிருந்தால் சூட்டில் ரிங் நீள இடமில்லாமல் சிலிண்டரைக் கீறிவிடும்.

போர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். லேத்துக்குப் பிளாக்கை மட்டும் கொடுத்துவிட்டு "25 சைஸ் போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சேர்த்துக் கையில் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று சைஸ் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு கம்பெனிப் பிஸ்டனும் நூலிழை மாறும், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் போர் முடிக்க வேண்டும். பிளாக் உள்ளே வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான், அது கொஞ்சம் குறைந்தாலும் ரோட்டில் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஹெட்டுக்கு ஆயில் வருகிறதா?

இது அறிகுறி தெரிவதற்கு முன்பே பார்க்க வேண்டியது, ஏனென்றால் இதற்கு அறிகுறி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இதில்தான் நான் ஒரு கேம் ஷாஃப்ட்டைப் பறிகொடுத்தேன்.

அப்பாவின் வண்டி. கசிவே இருக்கக்கூடாது என்ற ஆசையில் பிளாக்குக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கில் இரண்டு பக்கமும் தாராளமாகப் பசை தடவி உட்கார வைத்தேன். இறுக்கியதும் வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன், அழகாக இருந்தது. உள்ளே எவ்வளவு பிதுங்கியது என்று யோசிக்கவில்லை. ஸ்டார்ட் ஆனது, சத்தம் அருமை, புகை இல்லை. 60 கி.மீ. கூட ஓடவில்லை, ஹெட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் டேப்பெட் சத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடியது. திறந்து பார்த்தால் கேமின் மூக்கில் நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கிற அளவுக்குக் கோடுகள், ராக்கரின் பளபளப்பான முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று. பிளாக்கின் அடியில் ஆயில் மேலே ஏறும் துவாரத்தில் அரிசி அளவுக்கு உறைந்த பசை உட்கார்ந்திருந்தது. கேம், இரண்டு ராக்கர், பேக்கிங் செட் எல்லாம் மறுபடி.

அதனால் முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். ஆயிலை ஊற்றி, கேம் மேலும் ராக்கர் மேலும் டேப்பெட் துவாரம் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃபில் வைத்து முப்பது நாற்பது உதை மெதுவாக உதையுங்கள். ஆயில் பம்ப் காலியாக இருந்தால் நிரம்பும். அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, மேல் டேப்பெட் மூடியைத் திறந்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் ஒரு நிமிஷத்துக்குள் ராக்கர் பக்கம் புது ஆயில் பளபளத்து ஓட வேண்டும், ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்தால் தெறிக்கவும் செய்யும், ஒரு துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

வராததற்குக் காரணம் தேட வேண்டிய இடங்கள் குறைவுதான். வலதுபக்கக் கவருக்குள் இருக்கும் ஆயில் சல்லடை அடைப்பு, ஆயில் பம்ப் மாட்டும்போது விட்டுப்போன ஓ-ரிங் அல்லது தப்பாக வைத்த பேக்கிங், என்னைப் போலப் பசை, அல்லது ஹெட் பேக்கிங் திருப்பி வைத்து ஆயில் துவாரத்தை மூடியது. ஹெட்டின் நான்கு நட்டுகளிலும் வாஷரிலும் வித்தியாசம் உண்டு. ஆயில் ஒரு ஸ்டட்டைச் சுற்றி மேலே வருகிறது, அங்கே அடைக்கும் வாஷர் மாறிப்போனால் ஆயில் வெளியே கசியும், மேலே போக வேண்டியதும் குறையும். டோம் நட் எங்கே, சாதா நட் எங்கே, செப்பு வாஷர் எங்கே என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த இடத்தில் குழப்பமே வராது. கிளட்ச் பக்கம் கிராங்க் முனையில் இருக்கும் சுழல் வடிகட்டியையும் திறந்து சுத்தம் செய்யுங்கள், பழைய வண்டிகளில் அதன் சுவரில் கறுப்புக் களிமண் மாதிரி சேறு அப்பியிருக்கும்.

பேக்கிங்குக்குப் பசையே தேவையில்லை என்பது என் முடிவு. தளம் சுத்தமாகவும் மட்டமாகவும் இருந்தால் புதுப் பேக்கிங் வெறுமனே பிடிக்கும்.

புகை

முதல் ஐந்து பத்து நிமிஷம் வரும் வெள்ளைப் புகையை விட்டுவிடுங்கள். பிஸ்டனிலும் சிலிண்டரிலும் நீங்கள் தடவிய ஆயில், சைலன்சருக்குள் கிடக்கும் பழைய ஆயில், ஈரம் எல்லாம் எரிய வேண்டும். பழைய ரிங்கோடு மாதக்கணக்கில் ஆயில் குடித்த வண்டி என்றால் சைலன்சர் காயவே 20, 30 கி.மீ. ஆகும்.

அதற்கு மேலும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் எப்போது வருகிறது என்று யாரையாவது பின்னால் வண்டியில் வரச்சொல்லிக் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கி ஏறும்போது வந்தால் ரிங் பக்கம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு வந்து, மறுபடி கொடுக்கும்போது ஒரு கொத்தாகப் புகை வந்தால் வால்வு சீல் அல்லது வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழாய்). மூடியிருக்கும்போது இன்டேக்கில் உறிஞ்சும் சக்தி அதிகம், தேய்ந்த கைடு வழியே ஆயிலை இழுத்துவிடும். வால்வு சீல் சின்ன ரப்பர் மூடிதான், செட்டோடு வரும், ஆனால் வால்வை மேலே நுழைக்கும்போது ஸ்டெம்மின் முனையில் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு அதன் உதட்டைக் கிழித்துவிடும். ஆயில் தடவி, சுற்றிச் சுற்றி நுழையுங்கள்.

ரிங் பக்கம் என்றால் கேள்விகள் இவை. ரிங்கில் இருக்கும் எழுத்து மேலே பார்த்து இருந்ததா? மேல் ரிங்கும் இரண்டாவது ரிங்கும் இடம் மாறியதா? வாய்கள் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் 120 டிகிரி இடைவெளியில் வைத்தீர்களா? ஆயில் ரிங்கின் மெல்லிய இரண்டு தகடுகளில் ஒன்று பிளாக்கை இறக்கும்போது மடங்கியதா? கடைசியாகச் சொன்னது பயங்கரமாகப் புகைவிடும், வேறு வழியில்லை, கழற்ற வேண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் IN எழுத்து மேல்பக்கம், கார்புரேட்டர் இருக்கும் பக்கம், இருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தும் புகை வந்தால் போரின் மேற்பரப்பு. ஒருமுறை பிளாக் லேத்திலிருந்து வந்தபோது பெட்ரோலில் கழுவித் துடைத்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு வெள்ளை பனியன் துணியில் ஆயில் நனைத்து உள்ளே ஒரு சுற்று துடைத்தேன், துணி பென்சில் தூள் பட்டது மாதிரி சாம்பலாக வந்தது. ஹோனிங் கல்லின், அதாவது போரின் சுவரில் குறுக்குக் கோடு போடும் கல்லின், பொடி. அது குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும், பெட்ரோல் அதை எடுக்காது. சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ், இந்த மூன்றும்தான் எடுக்கும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே துடைத்து உலர்த்தி ஆயில் தடவிவிடுங்கள், இல்லையென்றால் பத்தே நிமிஷத்தில் துருப் படரும். அந்தப் பொடியோடு கட்டியிருந்தால் புது ரிங்கை நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

கறுப்புப் புகை வேறு. பெட்ரோல் அதிகம், சோக் இழுத்தபடியே இருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை.

சத்தம்

ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேளுங்கள். மேலே ஹெட்டில் "டிக் டிக்" என்று சீராக வந்தால் டேப்பெட். இடதுபக்கம், சிலிண்டர் நீளவாக்கில் "கரகர" என்று வந்து, ஆக்ஸிலேட்டரை மூடும்போது கூடினால் டைமிங் செயின். புதுச் செயின் போட்டும் வந்தால் டென்ஷனரின் புஷ் ராடு, ஸ்பிரிங், ரப்பர் ரோலர் இவற்றைப் பாருங்கள். ரோலரின் ரப்பர் பழசாகிக் கல்லாக இறுகியிருக்கும், செயினை மட்டும் மாற்றிவிட்டு ரோலரை விடுவது வீண் செலவு. டென்ஷனர் ஆயிலில் வேலை செய்வது, காய்ந்த நிலையில் கட்டியிருந்தால் முதல் சில நிமிஷம் சத்தம் வந்து தானாக அடங்கும்.

குளிரில் சிலிண்டர் பக்கம் மொத்தையாக "தட் தட்" என்று வந்து சூடானதும் குறைந்தால் பிஸ்டன் ஆடுகிறது, போர் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஓட்டலாம், ஆனால் ஆயுள் குறைவு. சூடான பிறகும், ஏற்றத்தில் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து "டொக் டொக்" என்று கனமாக வந்தால் அது கனெக்டிங் ராடின் பெரிய பக்கம். அத்தோடு வண்டியை நிறுத்துங்கள். பிளாக்கைக் கழற்றியிருந்தபோதே பார்த்திருக்க வேண்டியது இது: ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் துளி ஆட்டமும் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. ராடு கிட் மாற்றுவது வீட்டு வேலை இல்லை. கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும், அதற்கென்றே இருக்கும் பட்டறையில் கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டது

யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி வண்டி தளரும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடியுங்கள், இல்லையென்றால் பின்சக்கரம் நின்று வழுக்கிவிடும். ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு கிக்கரை உதைத்தால் லேசாக ஒட்டிய பிஸ்டன் முழுசாகக் கீறிவிடும், தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். ஆறியதும் தானாக விட்டுவிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள், மெதுவாக வீடு போய்ச் சேருங்கள், பிளாக்கைத் திறந்து பாருங்கள். பிஸ்டனின் பக்கத்தில் லேசான கோடுகள் மட்டும் என்றால் தேய்த்து, மறுபடி ஹோனிங் போட்டு இடைவெளியைச் சரிசெய்யலாம். ரிங் பள்ளத்தின் மேல் அலுமினியம் வழிந்து ரிங்கை மூடியிருந்தால் அந்தப் பிஸ்டன் முடிந்தது.

புது போர் போட்ட வண்டியை ஸ்டாண்டு போட்டு, டேபிள் ஃபேனை எதிரே வைத்து மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ரிங் சுவரில் உட்கார அளவான பளு வேண்டும், நின்றபடி ஓடினால் அது கிடைக்காது, சூடு மட்டும் ஏறும். ஒரு நிமிஷம் ஆயில் வருவதைப் பார்த்தீர்களா, கிளம்பி ரோட்டுக்குப் போங்கள். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மூடி, மறுபடி கொடுத்து, ஒரே வேகத்தில் வைக்காமல் ஓட்டுங்கள். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், மேம்பாலத்தில் டாப் கியரில் இழுத்து முனகவிடாதீர்கள்.

ஐடிலிங் நிற்கவில்லை, அல்லது தானாக ஏறுகிறது

ஸ்ப்ளெண்டரின் ஐடிலிங் 1400 சுற்று. ஏறி ஏறி இறங்கினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பின் ஓ-ரிங் பழசாகித் தட்டையாகியிருக்கும், அது சில ரூபாய் சாமான், இன்ஜின் வேலை செய்யும்போதே மாற்றிவிடுங்கள். அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் தெளித்தால் சுற்று மாறும், காற்றுப் போகும் இடம் அதுதான். சைலன்சர் சூடாவதற்கு முன்பு செய்யுங்கள், தீப்பிடிக்கும் சாமான். ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால் ஹெட்டில் மாட்டும் சைலன்சர் பேக்கிங் புதுசாகப் போடவில்லை.

கிளட்ச், கியர், கசிவு

ஏற்றத்தில் இன்ஜின் சுற்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை: முதலில் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. விளையாட்டு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று பாருங்கள். இந்த வண்டியில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகிறது, மிச்சமிருந்த கார் ஆயிலை ஊற்றினால் அதில் இருக்கும் வழுக்கும் சேர்மானம் பிளேட்டைப் பிடிக்கவிடாது. டின்னில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கான தரக்குறி) என்று போட்டிருக்கும் 10டபிள்யூ 30 வாங்குங்கள். 900 மி.லி. டின் இந்த வண்டிக்கென்றே வருகிறது, முழு இன்ஜினையும் பிரித்திருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் பிடிக்கும், குச்சியில் அளந்து ஊற்றுங்கள்.

கிராங்க் கேஸையே பிரித்தவர்களுக்கு: கியர் விழவில்லை, துள்ளி வெளியே வருகிறது என்றால் ஷாஃப்ட் முனையில் போட வேண்டிய மெல்லிய வாஷர் ஒன்று தரையிலோ பழைய கேஸின் பேரிங்கில் ஒட்டிக்கொண்டோ இருக்கிறது. இதற்கு வெளியிலிருந்து வைத்தியம் கிடையாது. கேஸை மூடியதும், பிளாக்கை ஏற்றுவதற்கு முன்பே, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றியபடி நான்கு கியரும் நியூட்ரலும் விழுகிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கஷ்டம் வராது.

கசிவில் பெரும்பாலானவை தளத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங்கால் வருபவை. பிளேடால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கோடு விழும். எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வியர்க்கிறது என்றால் பேக்கிங்கைக் குறை சொல்லாதீர்கள், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் ட்யூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் வழி தேடுகிறது.

100 கி.மீ. ஆனதும்

ஆயிலைச் சூட்டோடு ஒரு சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். சாய்த்துப் பார்த்தால் வெயிலில் மீன் செதில் மாதிரி மினுமினுக்கும் பொடி தெரியும், அது ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து உட்கார்ந்த பொடி, இருக்க வேண்டியதுதான். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தட்டில் இழுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் சரி. விரலில் உருட்டினால் உறுத்தும் துண்டு, தகடு மாதிரி எதுவும் ஒட்டினால் ஓட்டாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த கிக். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைத் துணுக்கு என்றால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகியுங்கள். பித்தளை நிறம் வந்தால் ஆயில் பட்டு ஓடும் புஷ் ஒன்று போகிறது. புது ஆயில் ஊற்றி, டேப்பெட்டை மறுபடி குளிர்ந்த நிலையில் அளந்து, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் குறுக்குவாட்டில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, 500 கி.மீ.-இல் இதே ஆயிலை மறுபடி வடித்துப் பாருங்கள்.